பகடையும் அளவுகோலும்

(கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயிர்களின் பரிணாமத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கணினியைக் கொண்டு சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. சூத்திரங்களை எழுதப் போவதில்லை. நடந்த சோதனைகள் சிலவற்றைச் சொல்லி, அவற்றின் வழியே ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இந்த முறையில் விடையைத் தேடும் வேலை இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. எது நல்ல விடை என்று சொல்லும் வேலை முழுக்க நம்மிடமே தங்கிவிடுகிறது. அதை நாம் எவ்வளவு கவனத்தோடு செய்கிறோமோ, அந்த அளவுக்குத்தான் விடையும் நன்றாக இருக்கும்.

முதலில், இப்படி ஒரு முறை ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். ஒரு விற்பனையாளர் 20 ஊர்களுக்குப் போக வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே முறை போய், கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் சாத்தியமான பாதைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 608 கோடி கோடி. வினாடிக்கு நூறு கோடி பாதைகளை அளந்து பார்க்கும் கணினி இருந்தாலும், எல்லாவற்றையும் எண்ணி முடிக்க இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பிடிக்கும். இன்னும் ஐந்தே ஐந்து ஊர்களைச் சேர்த்து 25 ஆக்குங்கள். இப்போது அதே கணினிக்கு 98 லட்சம் ஆண்டுகள் வேண்டும். கணினியின் வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் இந்தப் பெருக்கத்தை எட்டிப் பிடிக்க முடியாது. ஒன்றுவிடாமல் பார்ப்பது என்ற வழி இங்கே அடைபட்டுவிடுகிறது.

இயற்கையும் ஒன்றுவிடாமல் பார்த்ததில்லை. மீனின் உடல், பறவையின் இறகு, கண்ணின் வில்லை எல்லாம் ஏற்கனவே இருந்த ஒன்றிலிருந்து சற்றே மாறி மாறி வந்தவை. இதற்கு மூன்று காரியங்கள் போதும். பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருக்க வேண்டும். ஆனால் முழுக்க அப்படியே இருந்துவிடக் கூடாது. அந்தச் சிறு வேறுபாட்டைப் பொறுத்து, அடுத்த தலைமுறைக்கு யாருடைய வழித்தோன்றல்கள் அதிகம் வருவார்கள் என்பது மாற வேண்டும். மரபு, மாறுபாடு, தேர்வு ஆகிய இந்த மூன்றும் சேர்ந்தால் மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். 1859-இல் டார்வின் எழுதியதன் சாரம் இதுதான்.

இந்த மூன்றில் எதற்கும் உயிர் கட்டாயமில்லை. ஒரு விடையை எண்களின் வரிசையாக எழுதி வைத்தால், அதைப் பிரதி எடுக்கலாம். பிரதியில் சிறு மாற்றம் செய்யலாம். எது மேல் என்று அளந்து பார்க்கலாம். ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இந்த ஒப்புமை வந்துவிட்டது. சிந்திக்கும் இயந்திரத்தைக் குழந்தை நிலையிலிருந்து வளர்க்கலாம் என்றவர், அந்தக் குழந்தை இயந்திரத்தின் அமைப்பை மரபுப் பொருளுக்கும், அதில் செய்யும் மாற்றங்களை மரபு மாற்றங்களுக்கும் இணையாக வைத்தார். இயற்கைத் தேர்வுக்கு இணையாக அவர் வைத்தது சோதனை செய்பவரின் தீர்ப்பை. இந்தக் கடைசி இணையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

இப்போது பெர்லினுக்குப் போவோம். ஆண்டு 1964. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வேஃபெல், பீட்டர் பீனெர்ட் என்ற மூன்று மாணவர்கள். காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தைச் சோதனையின் மூலமே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. ஆறு தகடுகளை ஐந்து கீல்களால் வரிசையாக இணைத்துக் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் நிறுத்தலாம். ஐந்து கீல்களுக்கும் சேர்த்து 34 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள். தகட்டை முதலில் கோணல்மாணலாக மடித்து வைத்துவிட்டு, காற்றை விட்டு, எதிர்ப்பை அளந்தார்கள்.

பொறியாளர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் திருப்பி, எதிர்ப்பு குறைகிறதா என்று பார்ப்பது. அவர்களும் அதைச் செய்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தேடல் நின்றுவிட்டது. எந்தக் கீலைத் தனியாகத் தொட்டாலும் எதிர்ப்பு கூடியது, குறையவில்லை. ஆனால் அது நல்ல வடிவமும் இல்லை. அப்போதுதான் ரெக்கன்பெர்க் பகடையைக் கையில் எடுத்தார். ஐந்து கீல்களையும் ஒரே சமயத்தில், பகடை சொல்லும் அளவுக்குச் சிறிது மாற்றுவது. எதிர்ப்பு குறைந்தால் புதிய வடிவம் நிற்கட்டும். கூடினால் பழையதற்கே திரும்புவது. இவ்வளவுதான் விதி. கணினி கூட இல்லை. கையால் கீலைத் திருப்பி, காற்றை விட்டு, அளந்து, குறித்துக்கொண்டு, மறுபடியும் பகடை உருட்டுவது.

சில நூறு முயற்சிகளுக்குள் தகடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. நேர்த்தகட்டுக்குத்தான் எதிர்ப்பு குறைவு என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த விடையைத் தேடவிட்டுத்தான் முறையைச் சோதித்தார்கள். பல கோடி வடிவங்களில் சில நூறை மட்டும் தொட்டுப் பார்த்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் இங்கே செய்தி.

இதற்குப் பிறகு ஷ்வேஃபெல் செய்த சோதனையில் விடை யாருக்கும் தெரியாது. கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய நீர் ஒரு குழல்வாய்க்குள் நுழைந்து, உள்ளேயே ஆவியாகத் தொடங்கி, நீரும் ஆவியும் கலந்து பீறிட்டு வெளியேறும். அந்தக் குழல்வாயின் உள்வடிவம் எப்படி இருந்தால் உந்துசக்தி அதிகம் கிடைக்கும்? கணக்குப் போட்டுச் சொல்ல அன்று நம்பகமான கோட்பாடு இல்லை. ஆகவே நடுவில் துளையிட்ட உலோக வளையங்களைச் செய்து அடுக்கினார். வளையங்களை மாற்றி அடுக்கினால் உள்வடிவம் மாறும். சில சமயம் ஒரு வளையத்தைக் கூடுதலாகச் செருகவும், சில சமயம் ஒன்றை எடுத்துவிடவும் விதியில் இடம் வைத்தார். உயிர்களில் மரபணு இரட்டிப்பதும் விடுபடுவதும் நடக்கிறதல்லவா, அதற்கு இணையாக. தொடக்கத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு திறனோடு இருந்த குழல்வாய் கடைசியில் 80 விழுக்காட்டை நெருங்கியது. அதன் உள்வடிவத்தைப் பார்த்தால் அங்கங்கே குடைவும் புடைப்பும் தெரியும். எந்தப் பொறியாளரும் வரைந்திருக்கக்கூடிய வடிவம் அல்ல அது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பகடை உருட்டுவது என்றால் குருட்டுத்தனமாகத் தேடுவதுதானே? இல்லை. மாற்றம்தான் தற்செயலானது; எதை வைத்துக்கொள்வது என்பது தற்செயலானதல்ல. ஒவ்வொரு முயற்சியும் இதுவரை கிடைத்ததில் சிறந்த இடத்திலிருந்து கிளம்புகிறது. அடி எடுத்து வைக்கும் தூரத்துக்கும் ரெக்கன்பெர்க் ஒரு விதி கண்டார். ஐந்து முயற்சிகளில் ஒன்றுக்கு மேல் வெற்றி பெற்றால், நாம் தேவைக்கு மேல் தயங்கித் தயங்கி நடக்கிறோம் என்று பொருள். மாற்றத்தின் அளவைக் கூட்ட வேண்டும். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக வெற்றி பெற்றால் அளவுக்கு மீறித் தாவுகிறோம், குறைக்க வேண்டும். நான்கு முறை தோற்று ஒரு முறை ஜெயிக்கிற வேகமே நல்ல வேகம் என்பது இதன் சாரம். தோல்வியைக் கண்டு கூசும் மாணவர்கள் இந்த விகிதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஜான் ஹாலண்ட் வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். ரொனால்ட் ஃபிஷர் 1930-இல் எழுதிய இயற்கைத் தேர்வின் கணிதம் பற்றிய நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. கற்றலைப் போலவே பரிணாமமும் சூழலுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஒரு வழி. அப்படியானால் அதைக் கணினியிலும் நடத்திப் பார்க்கலாம் என்று நினைத்தார். 1975-இல் வந்த அவருடைய நூல்தான் இன்று ஜெனடிக் அல்காரிதம் என்று நாம் சொல்லும் முறைக்கு அடித்தளம்.

ஹாலண்ட் அழுத்தம் கொடுத்தது கலப்புக்கு. ஒரே ஒரு விடையைத் திருத்திக்கொண்டே போகாமல், நூறு விடைகளை ஒரு கூட்டமாக வளர்ப்பது. அவற்றில் தகுதி கூடியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின் முற்பாதியையும் மற்றதன் பிற்பாதியையும் சேர்த்துப் பிள்ளை விடைகளை உண்டாக்குவது. ஒரு பெற்றோரிடம் ஒரு பகுதி நன்றாக இருக்கும். இன்னொருவரிடம் வேறொரு பகுதி. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர வாய்ப்பு உண்டு.

இதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் கைவேலையின் நுணுக்கம் புரியும். நம் விற்பனையாளருக்கு ஆறு ஊர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாதை 1-2-3-4-5-6. இன்னொரு பாதை 3-5-1-6-2-4. நடுவில் வெட்டி, முதலாவதன் முற்பாதியோடு இரண்டாவதன் பிற்பாதியை ஒட்டினால் 1-2-3-6-2-4 என்று வருகிறது. இரண்டாம் ஊருக்கு இரு முறை போகிறார். ஐந்தாம் ஊருக்குப் போகவே இல்லை. இந்தப் பிள்ளை பிறந்தும் பயனில்லை. ஆகவே இப்படிச் செய்கிறார்கள்: 1-2-3 என்ற துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி ஊர்களை இரண்டாவது பாதையில் அவை வரும் வரிசையிலேயே நிரப்புகிறார்கள். 1-2-3-5-6-4. எல்லா ஊர்களும் வந்துவிட்டன. முதல் பெற்றோரின் ஒரு துண்டும், இரண்டாம் பெற்றோரின் வரிசையும் பிள்ளைக்குப் போயிருக்கின்றன. விடையை எப்படி எழுதி வைக்கிறோம், எப்படிக் கலக்கிறோம் என்பது சிக்கலின் இயல்பை அறிந்து செய்ய வேண்டிய வேலை. தயாராக இருக்கும் ஒரு நிரலை இறக்கி ஓடவிட்டால் தானாக நடந்துவிடும் காரியமல்ல.

ஹாலண்டின் மாணவர் டேவிட் கோல்ட்பெர்க் எரிவாயுக் குழாய்களை இயக்கும் சிக்கலுக்கு இதைப் பயன்படுத்தி 1983-இல் ஆய்வேடு முடித்தார். 1989-இல் அவர் எழுதிய பாடநூல் இந்த முறையை உலகெங்கும் பொறியாளர் மேசைக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு பயன்பாடுகள் பெருகின. விசையாழி இறக்கை, தொழிற்சாலை வேலை வரிசை, தேர்வு அட்டவணை, விமானப் பணியாளர் முறை என்று பட்டியல் நீளும். பட்டியலை விட்டுவிட்டு, நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன்.

இயற்கையில் தேர்வு செய்ய ஆள் இல்லை. எந்த இலக்கும் முன்கூட்டியே குறித்து வைக்கப்படவில்லை. கணினியில் அப்படியல்ல. எது மேல் என்று சொல்லும் அளவுகோலை மனிதன் எழுதிக் கொடுக்கிறான். அதனால் நாம் செய்வது காட்டில் நடப்பதைவிட, டார்வின் தன் நூலின் முதல் அத்தியாயத்தில் விவரிக்கும் புறா வளர்ப்புக்கு நெருக்கமானது. வளர்ப்பவர் வாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வால் விரியும். மற்றவை எப்படிப் போனாலும் போகும். கணினியில் இது இன்னும் கடுமை. நீங்கள் அளந்தது கிடைக்கும். நீங்கள் மனத்தில் நினைத்து, அளக்காமல் விட்டது கிடைக்காது.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்ப்சன் 1990-களின் நடுவில் செய்த சோதனை. உள்ளிருக்கும் இணைப்புகளை நிரல் மூலம் மாற்றிக்கொள்ளக்கூடிய சிப் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து, மொத்தம் 100 செல்களை மட்டும் பயன்படுத்த அனுமதித்தார். வேலை இதுதான்: 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி வந்தால் ஒரு விதமாகவும், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி வந்தால் வேறு விதமாகவும் வெளியீடு தர வேண்டும். சாதாரண மின்சுற்றில் நேரத்தை அளக்க ஒரு கடிகாரத் துடிப்பு இருக்கும். அதை அவர் கொடுக்கவில்லை. சிப்புக்குள் நடக்கும் நிகழ்வுகளோ வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற வேகத்தில் முடிந்துவிடுபவை. அவற்றை வைத்து ஆயிரத்தில் ஒரு வினாடி நீளமுள்ள அலைகளை வேறுபடுத்தச் சொல்வது எவ்வளவு கடினம் என்று மின்னணுவியல் மாணவர்களுக்குத் தெரியும்.

ஐம்பது சுற்றுகள் கொண்ட கூட்டம். முதல் தலைமுறை முழுக்கத் தற்செயலாக அமைந்தது. ஒவ்வொரு சுற்றையும் கணினி உண்மையான சிப்பில் ஏற்றி, இரண்டு ஒலிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, வெளியீட்டின் வேறுபாட்டை அளந்து மதிப்பெண் போட்டது. நல்லவை கலந்தன, மாறின, அடுத்த தலைமுறை பிறந்தது. ஆயிரக்கணக்கான தலைமுறைகள், வாரக்கணக்கில் ஓட்டம். முடிவில் ஒரு சுற்று இரண்டு ஒலிகளையும் பிழையின்றிப் பிரித்துக் காட்டியது.

தாம்ப்சன் அதைத் திறந்து ஆராய்ந்தபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. பயன்படாத செல்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார். சில செல்கள் வெளியீட்டோடு எந்த இணைப்பும் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்தன. தர்க்கப்படி அவற்றால் எந்தப் பாதிப்பும் இருக்கக் கூடாது. ஆனால் அவற்றை முடக்கியதும் சுற்றின் செயல்பாடு கெட்டது. கம்பி வழியே போகாத ஏதோ ஒரு மின்தாக்கம் அண்டை செல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே வடிவத்தைச் சிப்பின் வேறொரு பகுதிக்கு மாற்றினால் செயல்திறன் குறைந்தது. வளர்ந்தபோது இருந்த வெப்பநிலை எல்லையைத் தாண்டினாலும் தடுமாறியது. இரண்டு செல்களுக்கிடையே உள்ள உற்பத்தி வேறுபாடு, சிலிக்கனின் வெப்ப இயல்பு என்று பொறியாளர் கண்ணை மூடிக்கொள்ளும் அத்தனை நுண்மைகளையும் பரிணாமம் எடுத்துப் பயன்படுத்தியிருந்தது.

இதைப் பார்த்து வியப்பது சரிதான். நான் ஒவ்வொரு முறை இதைப் பற்றிப் பேசும்போதும் வியக்கிறேன். ஆனால் வியப்போடு நின்றுவிடக் கூடாது. அந்தச் சுற்று ஏன் அந்த ஒரு மூலைக்கும் அந்த அறையின் வெப்பத்துக்கும் மட்டும் பொருந்தியது? வேறு இடத்திலும் வேலை செய்ய வேண்டும் என்று யாரும் அதை அளக்கவில்லை. தாம்ப்சன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஒரே சுற்றைப் பல சிப்களில், வேறுவேறு வெப்பநிலைகளில் வைத்துச் சோதித்து, எல்லா இடத்திலும் தாக்குப்பிடிப்பதற்கே மதிப்பெண் கொடுத்தார். தேடும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு அளவுகோலை அகலப்படுத்தினார். உறுதியான சுற்றுகளை வளர்ப்பதற்கு வழி அதுதான்.

அளவுகோலையே வளர விடலாம் என்று காட்டியவர் டேனி ஹில்லிஸ். 16 எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்த, இரண்டிரண்டாக ஒப்பிட்டு இடம் மாற்றும் வலைப்பின்னல் ஒன்றை அமைக்க வேண்டும். எத்தனை ஒப்பீடுகள் போதும்? 1969-இல் கிரீன் என்பவர் 60 ஒப்பீடுகளில் முடியும் என்று காட்டியிருந்தார். ஹில்லிஸ் 65,536 செயலிகள் கொண்ட கணினியில் இதைப் பரிணாமத்துக்கு விட்டார். 65 ஒப்பீடுகளில் வந்து தேங்கிவிட்டது. காரணம், சோதனைக்குக் கொடுத்த எண்வரிசைகளில் பெரும்பாலானவற்றை எல்லா வலைப்பின்னல்களும் எளிதாகத் தேறிவிட்டன. அதற்குமேல் முன்னேற அவற்றுக்கு நெருக்கடி இல்லை.

அப்போது அவர் சோதனை எண்வரிசைகளையும் இன்னொரு உயிர்க்கூட்டமாக வளர்த்தார். வலைப்பின்னலைத் தவறு செய்ய வைக்கும் எண்வரிசைக்கு அதிக மதிப்பெண். அதாவது ஒட்டுண்ணிகள். ஒரு குறைபாடுள்ள வலைப்பின்னல் கூட்டத்தில் பெருகினால், அந்தக் குறையையே குறிவைக்கும் ஒட்டுண்ணிகள் பெருகும். வலைப்பின்னல் அதிலிருந்து தப்ப மாறியாக வேண்டும். இந்தப் போட்டியில் விடை 61 ஒப்பீடுகளுக்கு இறங்கியது. மனிதனின் சிறந்த விடையைவிட ஒன்றே ஒன்றுதான் கூடுதல். 1990-இல் வெளிவந்த இந்தச் சோதனை சொல்வது: எளிய தேர்வை வைத்துக்கொண்டு சிறந்த விடையை எதிர்பார்க்க முடியாது.

சரியாக அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வானத்திலிருந்து ஒரு சான்று. 2006 மார்ச்சில் நாசா மூன்று சிறு விண்கலங்களை ஏவியது. திட்டத்தின் பெயர் எஸ்டி-5. அவற்றில் இருந்த ஆன்டெனா ஒன்றின் வடிவம், காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக் கிளிப்பைக் கண்டபடி வளைத்து வைத்ததுபோல் இருக்கும். ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி ஆகியோர் அடங்கிய ஏம்ஸ் ஆய்வு மையக் குழு அதைப் பரிணாம முறையில் உருவாக்கியது. ஒவ்வொரு வடிவத்தையும் மின்காந்தக் கணிப்பு நிரலில் போட்டு, தேவையான கோணங்களில் எவ்வளவு நன்றாக அலை பரவுகிறது என்று அளந்தார்கள்.

அந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் நடுவில் வந்தது. ஆன்டெனா தயாரான பிறகு விண்கலங்களின் சுற்றுப்பாதை மாற்றப்பட்டது. பாதை மாறினால் அலை பரவ வேண்டிய கோணங்களும் மாறும். பழைய வடிவம் உதவாது. கையால் வடிவமைத்திருந்தால் பெரும்பகுதி வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டும். இவர்கள் அளவுகோலில் புதிய கோணங்களை எழுதி, மறுபடி ஓடவிட்டார்கள். சில வாரங்களில் புதிய ஆன்டெனா கையில் இருந்தது. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி வைத்திருந்ததால்தான், தேவை மாறியபோது எதை மாற்றுவது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பரிணாமத்தால் உருவாகி விண்வெளியில் வேலை செய்த முதல் கருவி என்ற பெயர் அதற்கு உண்டு.

இதுவரை ஒரே அளவுகோலைப் பற்றிப் பேசினேன். வாழ்க்கையில் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஒன்றுக்கு மேல் அளவுகோல்கள். பாலம் உறுதியாகவும் இருக்க வேண்டும், செலவும் குறைய வேண்டும். பலர் செய்வது, உறுதிக்கு இத்தனை மதிப்பெண், செலவுக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டுக் கூட்டிவிடுவது. கூட்டிய பிறகு எதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல வழியை நம் நாட்டிலிருந்தே கொடுத்தார்கள். கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் கல்யாண்மய் தேபும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய என்எஸ்ஜிஏ-2 என்ற முறை 2002-இல் முழு வடிவில் வெளிவந்தது. இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. அதன் கருத்தை இப்படிச் சொல்லலாம். மூன்று பால வடிவங்கள் இருக்கின்றன. முதலாவதுக்குச் செலவு 10 லட்சம், பாரம் ஏற்றினால் 5 மில்லிமீட்டர் தொய்கிறது. இரண்டாவதுக்கு 15 லட்சம், 2 மில்லிமீட்டர். மூன்றாவதுக்கு 16 லட்சம், 4 மில்லிமீட்டர். மூன்றாவதை யாரும் எடுக்க மாட்டார்கள். செலவிலும் தொய்விலும் இரண்டாவது அதை வென்றுவிட்டது. ஆனால் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றையொன்று வெல்லவில்லை. இரண்டுமே நிற்க வேண்டும்.

இப்படி வெல்லப்படாமல் நிற்கும் விடைகள் ஒரு வரிசையாக, ஒரு முகப்பாக அமைகின்றன. இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். தேப் குழுவின் முறை அந்த முகப்பையே வளர்க்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும் விடைகளைவிட, கூட்டம் குறைந்த பகுதியில் தனித்து நிற்கும் விடைக்கு முன்னுரிமை தருகிறது. அதனால் மலிவானதிலிருந்து உறுதியானது வரை முகப்பு முழுவதும் பரவலாக விடைகள் கிடைக்கின்றன. கடைசியில் எதை எடுப்பது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் தொய்வைக் குறைக்க எத்தனை லட்சம் என்பது எல்லோர் முன்னாலும் திறந்து கிடக்கிறது. முடிவெடுப்பதில் இது எவ்வளவு பெரிய நேர்மை என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த முறைகளால் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. 1997-இல் வோல்பர்ட், மெக்ரெடி இருவரும் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. சாத்தியமான எல்லாச் சிக்கல்களையும் ஒருசேர வைத்துச் சராசரி பார்த்தால், எந்தத் தேடல் முறையும் இன்னொன்றைவிட மேல் இல்லை என்பது அதன் முடிவு. ஆகவே சிக்கலின் அமைப்பு தெரிந்தால், அதற்கென்று உள்ள கணித முறையே வெல்லும். நான் முதலில் சொன்ன விற்பனையாளர் சிக்கலிலேயே, 85,900 இடங்கள் கொண்ட ஒரு பாதைக்கு இதைவிடக் குறைந்த தூரம் இல்லை என்று கணித முறையால் 2006-இல் நிறுவிக் காட்டினார்கள். பரிணாம முறை அத்தகைய உறுதியைத் தராது. நல்ல விடை தரும்; இதுவே மிகச் சிறந்தது என்று சத்தியம் செய்யாது. ஒரு விடையை அளக்கவே பல மணி நேரக் கணிப்பு தேவை என்றால் ஆயிரக்கணக்கான விடைகளை அளக்கும் செலவும் தாங்காது. சூத்திரம் கைகொடுக்காத இடம், மேடும் பள்ளமுமான தேடல் வெளி, பல இலக்குகள் மோதும் சிக்கல்: இவைதான் இதற்கு ஏற்ற களங்கள்.

அந்தக் களம் இன்று மேலும் அகன்றிருக்கிறது. 2025-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட ஆல்ஃபாஎவால்வ் என்ற அமைப்பில், பகடையின் இடத்தில் மொழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நிரல்களில் எங்கே என்ன மாற்றலாம் என்று அது முன்மொழிகிறது. மாறிய நிரல்களை ஓட்டி, அளந்து, தேறியவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறார்கள். நான்குக்கு நான்கு அணிகள் இரண்டைப் பெருக்க, பள்ளியில் படித்த முறையில் 64 பெருக்கல்கள் வேண்டும். ஸ்ட்ராசன் 1969-இல் கண்ட வழியை இரு முறை கையாண்டால் 49 போதும். சிக்கலெண்கள் கொண்ட அணிகளுக்கு இந்த அமைப்பு 48 பெருக்கல்களில் செய்யும் வழியைக் கண்டுபிடித்தது. இங்கே அளவுகோல் பளிங்கு போலத் தெளிவு: பெருக்கல் விடை சரியா, எத்தனை பெருக்கல்கள்? மொழி மாதிரி என்ன கற்பனை செய்தாலும், தவறானது அந்த வாசலைத் தாண்ட முடியாது. அளவுகோல் உறுதியாக இருந்ததால்தான் தேடலைத் துணிந்து அவிழ்த்துவிட முடிந்தது.

மாணவர்களே, இந்த முறைகளை நீங்கள் நாளை கையில் எடுப்பீர்கள். நிரல் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் அளவுகோலை எழுதுங்கள். எழுதிவிட்டு, அதற்கு எதிரியாக மாறி யோசியுங்கள்: மகா மோசமான ஒரு விடை இந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்க வழி இருக்கிறதா? இருந்தால், அந்த வழியைப் பரிணாமம் நிச்சயம் கண்டுபிடிக்கும். நீங்கள் முதலில் கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள். கிடைத்த விடையை உடனே நம்பாதீர்கள். தாம்ப்சன் செய்ததுபோல் திறந்து, ஒவ்வொரு பாகமாக முடக்கிப் பாருங்கள். வேறு சூழலில் வைத்துப் பாருங்கள். இலக்குகள் பல இருந்தால் அவசரப்பட்டு ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணிமுறைப் பட்டியல்களும் அட்டவணைகளும் இத்தகைய முறைகளால் தயாராகும் காலம் இது. ஒரு பேருந்து நிறுவனம் செலவை மட்டும் அளவுகோலாகக் கொடுத்தால், இயந்திரம் உண்மையாகவே செலவைக் குறைக்கும். ஓட்டுநரின் ஓய்வு நேரம் அந்த அளவுகோலில் இல்லையென்றால் அதிலிருந்துதான் முதலில் வெட்டும். கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் சிற்றூர் அதில் இல்லையென்றால் அந்தப் பேருந்து போய்விடும். அதற்கு இயந்திரத்தின் மீது கோபப்பட்டுப் பயனில்லை. கணினி சொல்லிவிட்டது என்று யாராவது முடிவை நம் முன் வைக்கும்போது, எதை அளந்தீர்கள், எதை விட்டீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைக் கேட்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அளவுகோலை எழுதும் மேசையில் பொறியாளரோடு ஓட்டுநரும் பயணியும் உட்கார இடம் வேண்டும் என்று கேளுங்கள். விடை பிறப்பது அந்த மேசையில்தான்.